என்ஜின் சூடாவதற்கு முன்னால்

கண்ணு,

நீ நலமா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் என்ன சொல்வாய் என்பது எனக்குத் தெரியும். காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாலும் "நல்லா இருக்கேனுங்கம்மா" என்பாய். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். காரும் நன்றாக இருக்கிறது. அந்தக் காரைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். கவரைப் பிரித்தபோது செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று உள்ளேயிருந்து விழுந்திருக்கும். அதை இப்போது பிரிக்காதே. மேசை மேல் வைத்துவிட்டு முதலில் இதைப் படி. என் கையெழுத்துக்கு நீ மதிப்பெண் போட வேண்டாம், விஷயத்துக்கு மட்டும் போட்டால் போதும்.

போன மாதம் நாம் மதுக்கரைக்குப் பெண் பார்க்கப் போய் வந்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய் உறுதி வார்த்தை பேசிவிட்டு வருவதாக உன் அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். சனிக்கிழமை காலை நீ ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்க வேண்டும் என்பது உத்தரவு. நம் பக்கத்தில் உறுதி வார்த்தை பேசிவிட்டால் பேசியதுதான். மண்டபம், பத்திரிகை, பட்டுச்சேலை எல்லாம் அதன் பின்னால் தானாக ஓடிவரும். நடுவில் யாராவது கையை நீட்டி நிறுத்தினால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு, அந்தப் பெண்ணுக்குத்தான் எல்லாரையும் விட அதிகம். அதனால் அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவளைக் கட்டிக்கொள்ள உனக்கு உண்மையிலேயே விருப்பமா, இல்லையா?

"அன்னிக்கே சரின்னு சொல்லிட்டேனுங்களே" என்பாய். சொன்னாய், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எப்போது சொன்னாய் என்பதையும் நினைத்துப் பார். பஜ்ஜி சாப்பிட்டு, ஜிலேபி சாப்பிட்டு, காபியும் குடித்து முடித்திருந்தாய். அந்த வீட்டு ஆள் ஒருவர் சிமெண்டு ஃபாக்டரியில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்லி எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் அப்பா உன் தோளைத் தட்டி, "என்ன கண்ணு, நமக்குச் சம்மதந்தானே?" என்றார். கூடம் நிறைய ஆட்கள். எல்லோர் முகத்திலும் பல். அங்கே யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? நீ "உங்க இஷ்டமுங்கப்பா" என்றாய். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் காலி டம்ளரை டவராவுக்குள் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டிருந்தாய். அந்தத் திருகல் எனக்குப் பழக்கமானது. வேண்டாததை யாராவது உன் இலையில் வைக்கும்போது நீ டம்ளரைத் திருகுவாய்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, உன் சித்தி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து நீ சாப்பிட்ட கேசரியை நான் மறக்கவில்லை. பரிமாறியவர் "இன்னுங்கொஞ்சம் வெச்சுக்குங்க தம்பி" என்று கரண்டியை நீட்டினார். நம் ஊரில் அதை ஒருமுறை சொன்னதோடு விட மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். மற்ற பிள்ளைகள் இலையைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். நீ மட்டும் அவர் மனம் கோணக் கூடாதென்று டம்ளரைத் திருகிக்கொண்டே "சரிங்க, சரிங்க" என்றாய். திரும்பி வரும் வழியில் அவ்வளவு கேசரியும் உன் பெரியப்பாவின் புது வேட்டியில் வந்து சேர்ந்தது. அன்றைக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பரிமாறியவர் அடுத்த இலைக்குப் போயிருப்பார், அவ்வளவுதான். கேசரி விஷயத்தில் ஒரு வேட்டியோடு போயிற்று. கல்யாணத்தில் அப்படிப் போகாது.

இப்போது காருக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது காலையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததும் பிறகு சரியானதும் உனக்குத் தெரியும். "சின்ன ஆயில் பிரச்சினை, பாத்துச் சரி பண்ணிப்போட்டேன்" என்று உன் அப்பா போனில் சொன்ன கதை மட்டும்தான் உனக்குத் தெரியும். அந்தச் சின்னப் பிரச்சினை இந்த வீட்டை என்ன பாடு படுத்தியது என்பதை இப்போது நான் சொல்கிறேன். படித்துவிட்டு அவரிடம் போன் செய்து கேட்காதே. அவர் வேறு கதை சொல்வார்.

காலையில் முதல்முறை சாவியைத் திருகும்போது மட்டும் அந்தச் சத்தம் வரும். எவர்சில்வர் டப்பாவில் கொட்டைப்பாக்கைப் போட்டுக் குலுக்கியது போல கடகடவென்று ஒரு தட்டல். அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் நின்றுவிடும். பிறகு நாள் முழுக்க எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் வாயைத் திறக்காது. மறுநாள் விடிந்ததும் மறுபடி கடகட.

உன் அப்பா சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்து பம்ப் செட் உதிரிகள் கடைகிறவர். கோயமுத்தூரில் பாதிப்பேர் மோட்டார் செய்கிறவர்கள், மீதிப்பேர் அதைப் பிரித்துப் பார்க்கிறவர்கள். இவர் இரண்டிலும் இருக்கிறார். சத்தத்தை ஒருமுறை கேட்டதுமே கண்ணை மூடிக்கொண்டு, "பேரிங் போயிருச்சு" என்றார். உன் பெரியப்பா வந்து கேட்டுவிட்டு, "பேரிங்கா? இது பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்த சத்தம்டா" என்றார். பெரியப்பா ஜவுளிக்கடை வைத்திருப்பவர் என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். காலையில் பால் ஊற்ற வருகிறவர்கூட நின்று கேட்டு ஒரு கருத்துச் சொல்லிவிட்டுத்தான் போவார். எனக்கு மட்டும் கருத்து இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

சரி, மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று இங்கே பக்கத்து ராமநாதபுரத்தில் இருக்கிற ரங்கசாமியிடம் கொண்டுபோனார்கள். ரங்கசாமி நல்ல வேலைக்காரர். ஆனால் நம் ஊர்க்காரர். வாடிக்கையாளர் சொன்னதை மறுத்துப் பேசினால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிற ரகம். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகியிருந்தது. அவர் சாவியைத் திருகினார். என்ஜின் பட்டுப்போல எழுந்து ஓடியது. உடனே உன் அப்பா சத்தத்தைத் தன் வாயால் செய்து காட்டினார். வெள்ளை வேட்டி சட்டையில், நாலு பேர் மதிக்கிற மனுஷன், பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "கட கட கட கட" என்றார். ரங்கசாமி தலையைச் சாய்த்துக் கேட்டு, "கடகடங்களா, இல்ல, டொக்குடொக்குங்களா?" என்று திருப்பிச் செய்தார். "டொக்கு இல்லீங்க, கட." "இப்படிங்களா, கர்ர்ர் கட?" அதற்குள் பெரியப்பா நடுவில் புகுந்து தன் பங்குக்கு ஒரு சத்தம் போட்டார், அது ஆட்டுக்கல் சத்தம். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் காருக்குள் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

"பேரிங்குதானுங்க?" என்று உன் அப்பா கேட்டார். "இருக்கலாமுங்க" என்றார் ரங்கசாமி. "பெட்ரோல்னு நான் சொல்றேன்" என்றார் பெரியப்பா. "அதுவும் இருக்கலாமுங்க" என்றார் ரங்கசாமி. இப்படி இருவர் மனமும் கோணாமல் பார்த்துக்கொண்டதில் கார் மட்டும் கோணிப்போயிற்று. முதலில் பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட்டு வேறு ஊற்றினார்கள். பிளக் மாற்றினார்கள். டேப்பட் என்று எதையோ சரிசெய்தார்கள். என்ஜின் உட்கார்ந்திருக்கிற ரப்பரை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்த வண்டி காலையில் கடகடவென்று எங்களை எழுப்பியது.

உன் அப்பா சோர்ந்துபோகிற ஆளா? டேப் ரிக்கார்டரை எடுத்துவந்து பானெட்டுக்குள் வைத்து விடிகாலையில் சத்தத்தைப் பதிவு செய்தார். காலிக் கேசட் இல்லையென்று உன் அத்தை மகள் கல்யாணக் கேசட்டில் பதிவு செய்தார். அதை ரங்கசாமியிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். நாதஸ்வரம், தவில், கெட்டிமேளம், நடுவில் கடகட, மறுபடி நாதஸ்வரம். ரங்கசாமி கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டார். பிறகு, "நாயனம் நல்லா வாசிச்சிருக்காருங்க" என்றார்.

வேறு வழியில்லாமல் என்ஜினைப் பிரித்துப் பேரிங் மாற்றிவிடுவது என்று முடிவானது. என்ஜினைப் பிரிக்க வளர்பிறையில் ஒரு புதன்கிழமையாகப் பார்த்து உன் அப்பா பஞ்சாங்கத்தில் குறித்தார். நாள் குறித்த அன்றைக்கே நான் ரங்கசாமியைத் தனியாக ஒரு கேள்வி கேட்டேன். "பிரிச்சா சரியாயிருமுங்களா?" என்றேன். அவர் இருபக்கமும் பார்த்துவிட்டு, "பிரிச்சா அப்பறம் பழையபடிக்கு வராதுங்கக்கா. கம்பெனில பூட்டுனது கம்பெனில பூட்டுனதுதான். ஒருக்கா அந்தச் சத்தத்தை என் காதால கேட்டுப்போட்டன்னா தேவலை" என்றார். அதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, அவர் பேச்சோடு பேச்சாக ஒத்துப்போய்விட்டார். உன் ஞாபகம் வந்தது எனக்கு.

"அப்ப நாளைக்கு வெடியால எங்க ஊட்டுக்கு வாங்க" என்றேன். "வாரேனுங்கக்கா" என்றார். இவ்வளவு சுலபமான காரியம் எப்படிக் கெட்டது என்று கேள். மறுநாள் காலை நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது கடகடவென்று சத்தம் கேட்டது. பார்த்தால் கார் வெளியே போகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. முன் சீட்டில் ரங்கசாமி சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். நம் வேலைக்காக வருகிற மனுஷனைப் பஸ்ஸில் வரவிடலாமா என்று உன் அப்பா அதே காரில் ராமநாதபுரம் போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரை இறக்கி, கைகூப்பி, "வாங்க, இப்பக் கேளுங்க" என்று சாவியைத் திருகினார். பட்டுப்போல எழுந்தது. வழியெல்லாம் ஓடி வந்த என்ஜின் எப்படிச் சத்தம் போடும்? நோயாளியின் முதுகில் ஏறிப் போய் வைத்தியரை அழைத்து வந்த மாதிரி இருந்தது எனக்கு. ரங்கசாமிக்கு இட்லியும் கெட்டிச் சட்னியும் வைத்து அனுப்பினோம்.

"ஏனுங்க, அந்தாளைப் பஸ்சுல வரச் சொல்லுங்க" என்றேன். "வேலைக்குக் கூப்புட்டுப்போட்டு பஸ்சுல வாடான்னா நம்ம மருவாதி என்னாகறது?" என்றார். கடைசியில் பஸ்ஸுக்கு ஒத்துக்கொண்டார். மறுநாள் ரங்கசாமி டவுன் பஸ்ஸில் வந்து சிங்காநல்லூரில் இறங்கினார். இறங்கினால் எதிரே உன் அப்பா காரோடு நிற்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் மனுஷனை நடக்கவிடலாமா? மறுபடி பட்டு. மறுபடி இட்லி. அதற்கும் மறுநாள் ரங்கசாமி தன் மாப்பிள்ளையின் மொபெட்டை வாங்கிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் வந்து நின்றார். வந்தவருக்கு வெறும் இட்லியா போடுவது என்று உன் அப்பா, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காரை எடுத்துக்கொண்டு கறி வாங்கப் போய்விட்டார். ரங்கசாமி அப்போது பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தார், பைப் தண்ணீர்ச் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை. ஈரக் காலோடு ஓடி வந்தார். வாசலில் புகைதான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் காரின் சாவியை எடுத்து கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். அந்தக் காருக்கு இருப்பதே ஒரு சாவி என்பது உனக்குத் தெரியும். இன்னொன்றை உன் அப்பா ஆடிப்பெருக்கன்று வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டே முழுக்குப் போட்டு பவானி ஆற்றுக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ரங்கசாமி வருகிற நேரத்துக்கு உன் அப்பா வீட்டையே புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப்பை, தலையணை, சாமி படத்துக்குப் பின்னால், நாய்க்குடிசை. "ஏம்புள்ள, சாவியப் பாத்தியா?" "தாளிக்கிற நேரத்துல என்ன கேள்வி?" என்றேன். ரங்கசாமி வந்து, காபி குடித்து, கால் கழுவி, எல்லாம் முடிந்து காருக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகு நான் சாவியைக் கொண்டுபோனேன். கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது. உன் அப்பா கையை நீட்டினார். அவர் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை, ரங்கசாமியை வெற்றிலை வாங்கக் கூட்டிப் போனாலும் போய்விடுவார். நானே கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. ரங்கசாமி நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, "திருகுங்கக்கா" என்றார்.

கட கட கட கட!

"கேட்டுதுங்களா? கேட்டுதுங்களா?" என்று உன் அப்பா குதித்தார். நீ பிறந்து முதல் அழுகை கேட்டபோதுகூட அந்த மனுஷன் அப்படிக் குதிக்கவில்லை. ரங்கசாமி கண்ணை மூடியபடி, "கீழ இல்லீங்க, மேல இருந்து வருது" என்றார். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே எண்ணெய் டப்பா படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. சத்தம் நின்றபோது அதுவும் அணைந்தது. நானும் ஒரு கருத்துச் சொன்னேன், அந்தக் காரைப் பற்றி முதன்முதலாக: "இந்தச் செகப்பு வெளக்கும் சத்தமும் ஒண்ணா அணைஞ்சுதுங்க."

ரங்கசாமி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "ஆயில் மேல ஏறி வர்றதுக்கு நேரமாகுதுங்க. அதுவரைக்கும் காஞ்சுபோய் ஓடுது, அதாங்க தட்டுது. கடைசியா ஆயிலு, பில்டரெல்லாம் எப்ப மாத்துனீங்க?" உன் அப்பா மார்பை நிமிர்த்தினார். "நானே மாத்துனேன். பில்டர்கூட காந்திபுரத்துல போய் நானே பாத்து வாங்கிட்டு வந்தேன். எல்லாம் ஒண்ணுதான்னான் கடைக்காரன்." அவ்வளவுதான், ரங்கசாமி குனிந்துகொண்டார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பில்டரைக் கழற்றி அதன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார். பிறகு, "நல்ல பில்டர்தானுங்க. வேற வண்டிக்கு ரொம்ப நல்லா இருக்குமுங்க" என்றார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? "ரங்கசாமி, இத்தனை நாளா இட்லி போட்டது இதுக்குத்தானா? நேராச் சொல்லுங்க, அவருக்கு ஒண்ணும் ஆயிராது" என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார். நம் வண்டிக்கு வருகிற பில்டருக்குள் ஒரு ரப்பர் மூடி இருக்குமாம். ராத்திரி வண்டி நிற்கும்போது ஆயில் முழுக்கக் கீழே வடிந்துபோகாமல் அதுதான் பிடித்துவைத்திருக்குமாம். உன் அப்பா வாங்கி வந்ததில் அது இல்லை. மேலே ஆயில் இல்லாமல் விடிகிற என்ஜின் காலையில் கத்தாமல் என்ன செய்யும்? சரியான பில்டரை வாங்கிப் பூட்டினார்கள். மறுநாள் காலை நான்தான் போய்ச் சாவியைத் திருகினேன். சிவப்பு விளக்கு வந்த வேகத்தில் போனது, சத்தமே இல்லை. வளர்பிறைப் புதன்கிழமை சும்மா கடந்துபோனது.

உன் அப்பா அன்றைக்கு முழுக்கப் பட்டறையிலேயே இருந்துவிட்டார். அடுத்த நாள் பெரியப்பா வந்தபோது, "நான் அந்த வெளக்கைக் கவனிச்சுக்கிட்டே இருந்தனுங்கண்ணா" என்று ஆரம்பித்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

இப்போது புரிந்திருக்கும் ஏன் இந்தக் கதை என்று. கண்ணு, உன் அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் ரங்கசாமியைக் காரில் அழைத்து வந்தது மரியாதைக்காக, உன்னைக் காரில் அழைத்து வருவது பாசத்துக்காக. ஒவ்வொரு முறையும் நீ காந்திபுரத்தில் இறங்கினால் எதிரே அவர் காரோடு நிற்பார். மதுக்கரைக்குப் போகிறதற்கு முன்னால் நீ வந்த அன்றைக்கும் அப்படித்தான் நின்றார். சுங்கம் ரவுண்டானா வருவதற்குள் பெண்ணின் படிப்பைச் சொல்லி முடித்தாராம். ராமநாதபுரத்தில் அவள் குணம், அதைத் தாண்டினால் அவர்கள் குடும்பத்தின் பெருமை. வீட்டு வாசலில் நீ இறங்கும்போதே பாதி மாப்பிள்ளையாக இறங்கினாய். என்ன கேட்டாலும் பட்டுப்போல "சரிங்க" வந்தது. அதற்கு மேல் மதுக்கரையில் பஜ்ஜியும் சிரிப்பும். சூடான என்ஜினிடம் கேட்டால் அது சரி என்றுதான் சொல்லும்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் அப்பாவுக்குச் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், இதை அவரிடம் சொல்லி அவரைத் தலைகால் புரியாமல் ஆக்கிவிடாதே. ஆனாலும் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு. உன்னைக் கேட்டார்கள், நீயோ பதில் சொல்லாமல் சம்மதித்துவிட்டாய். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ டம்ளரைத் திருகியதை நான் மட்டும் பார்க்கவில்லை. உள் கதவோரம் நின்றிருந்த அந்தப் பெண்ணும் பார்த்தாள். எல்லோரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. அவள் முகம் எனக்குத் தூக்கத்தில்கூட வருகிறது. நாம் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டோம், அவள் அந்த டம்ளரை எடுத்துக் கழுவி வைத்திருப்பாள்.

உன் மனதில் என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது. வேறு யாரையாவது நினைத்திருக்கிறாயோ, இல்லை, அவளோடு தனியாக நாலு வார்த்தை பேசினால் போதுமோ, இல்லை, இன்னும் கொஞ்ச காலம் ஆகட்டும் என்றிருக்கிறாயோ. என்ஜினையே பிரிக்க வேண்டும் என்று நினைத்தது கடைசியில் ஒரு ரப்பர் மூடியாகப் போனது. இதுவும் அப்படி ஒரு சின்ன விஷயமாகவே இருக்கலாம். ஆனால் கேட்காமல் எப்படித் தெரியும்? எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்றால், அதை எழுத மாட்டேன். எழுதினால் நானும் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டவள் ஆகிவிடுவேன்.

அதனால் சனிக்கிழமை காலை காந்திபுரத்தில் இறங்கி அப்பாவைத் தேடாதே. அவர் வர மாட்டார். டவுன் பஸ்ஸைப் பிடி. ஜன்னலோரம் உட்கார். யாரோடும் பேசாதே. சிங்காநல்லூரில் இறங்கி நடந்து வா. நான் வாசலில் நிற்பேன். காபி கொடுக்க மாட்டேன், உட்காரச் சொல்ல மாட்டேன், டம்ளர் எதுவும் உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்காது. உன் வாயில் முதலில் என்ன வருகிறதோ அதைச் சொல். எவ்வளவு கடகடவென்று வந்தாலும் நான் கேட்டுக்கொள்வேன். சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை நீயே காரை எடு, எல்லோரும் மதுக்கரைக்குப் போகலாம். வேண்டாம் என்றாலும் காரை எடு. நான் அந்த வீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, நானே சொல்லிவிட்டு வருகிறேன். உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

அவர் நிச்சயமாக வர மாட்டாரா என்று உனக்குச் சந்தேகமாக இருக்கும். எனக்கும் இருந்தது. கடுகு டப்பா ரகசியம் அவருக்குத் தெரிந்துபோயிற்று, இப்போது எது காணாமல் போனாலும் முதலில் அதைத்தான் கவிழ்க்கிறார். அதனால் இந்த முறை ஓசூர் வரைக்கும் அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

இனி பொட்டலத்தைப் பிரிக்கலாம். காரின் சாவி அதில்தான் இருக்கிறது. பத்திரமாகக் கொண்டு வா.

அம்மா